சத்துள்ள பட்டாணிக்கு நிறம் போதாது

1

போன ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டாவது முறையாகப் பச்சைப் பட்டாணியின் சத்துகளைப் பற்றி மேடையில் பேசினேன். மேடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மட்டாஞ்சேரியில் பழைய அரிசிக் கிட்டங்கி ஒன்றின் முன்கட்டு அது. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பின்னால் எங்கள் தெருப் பெண்கள் குழுவின் ஆண்டு விழாப் பதாகை. அதில் கலா என்று என் பெயரையும், பெயருக்குக் கீழே ‘டயட்டீஷ்யன்’ என்றும் மலையாளத்தில் அச்சடித்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெதிலும் எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. வேற்று எழுத்தில் வந்தாலும் வந்ததுதான்.

போன ஆண்டு விழாவில் இதே பட்டாணியைப் பற்றி நான் பேசிய பேச்சு எங்கள் கடையைக் கிட்டத்தட்ட மூட வைத்தது. அப்படியிருந்தும் இந்த ஆண்டு ஏன் ஒப்புக்கொண்டாய் என்று என் கணவர் கேட்டார். எங்கள் மகள் தேன்மொழி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதுதான் காரணம். பள்ளி வாசலில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடக்கிற பிள்ளை, என்னைத் தன் அம்மா என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான் கடல் தாண்டியவள் இல்லை, மலை தாண்டியவள். உசிலம்பட்டியில் கிளம்பினால் குமுளி வழியாக ஒரு நாள் பயணம். இதையெல்லாமா புலம்பெயர்வு என்று எழுதுவார்கள் என ஊரில் நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பவர்கள் ஒரு முறை இங்கே வந்து, தமிழ்நாட்டு ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். சுள்ளிக்கலில் இப்போதிருக்கும் இரண்டு அறை வீடு கிடைப்பதற்குள், எத்தனை வீடுகள் நேற்றுத்தான் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன தெரியுமா? நாங்கள் கேட்கப் போகும் வீடெல்லாம் நேற்றுத்தான் போயிருக்கும்.

2

பட்டாணிக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பச்சைப் பட்டாணி கல்யாணத்தில் மட்டும் பார்க்கிற பொருள். என் சின்ன வயதில் நடந்த ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் இரண்டு அண்டாக்களில் குருமா வைத்திருந்தார். ஒன்றில் பட்டாணி மிதந்தது. இன்னொன்றில் உருளைக்கிழங்கு மட்டும். பட்டாணிக் குருமா மாப்பிள்ளை வீட்டுப் பந்திக்கு, உருளைக்கிழங்குக் குருமா பெண் வீட்டுக்காரர்களான எங்களுக்கு. என் அத்தை ஒருத்தி பந்தி மாறிப்போய் உட்கார்ந்து பட்டாணிக் குருமா தின்றுவிட்டு வந்து அதைப் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பந்தியில் உட்கார்ந்ததைத்தான் சொன்னாள்.

சத்து என்ற சொல்லை நான் முதலில் படித்தது பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுச் சுவரில். சத்துணவு. அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர்கள் இல்லை. என்னைச் சேர்க்க வந்த அன்றுதான் அம்மா முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தாள், கைநாட்டு வைக்க. பயறு போடும் நாளில் நான் விடுப்பே எடுத்ததில்லை. பசிதான் என்னைப் படிக்க வைத்தது என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அப்போது அதில் பெருமை ஒன்றும் இல்லை.

மதுரையில் ஊட்டச்சத்தியல் படித்தபோது, பட்டாணியைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக் கோபம்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கென்று ஒதுக்கி வைக்கும்படி அதில் ராஜ சத்து ஒன்றும் இல்லை. காய்களில் புரதம் கூடுதலாக உள்ளவற்றில் அது ஒன்று. நார்ச்சத்து நன்றாக இருக்கிறது. அதனால் மெல்லச் செரிக்கும், சர்க்கரை சட்டென்று ஏறாது. புதுப் பட்டாணியில் வைட்டமின் சி உண்டு, கே உண்டு, கர்ப்பிணிகளுக்கு வேண்டிய ஃபோலேட் உண்டு. காய்ந்தால் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். புரதமும் நாரும் தங்கிவிடும். ஊற வைத்து முளை கட்டினால் போன சி கொஞ்சம் திரும்பி வரும். சோடா உப்பு போட்டு வேக வைத்தால் சீக்கிரம் குழையும், பி1 அழியும். அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பட்டாணியில் இருக்கிறது, பட்டாணியில் குறைந்தது அரிசியில் இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துத் தின்னலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தின்ன வேண்டும். இவ்வளவுதான் பட்டாணி. எங்கள் ஊர்த் தட்டைப்பயறும் இதில் பாதிக்கு மேல் தரும். ஆனால் தட்டைப்பயற்றுக்காக யாரும் பந்தி மாறி உட்கார்ந்ததில்லை.

3

என் கணவர் பெயர் பாண்டியராஜன். தமிழர்களை இங்கே இளக்காரமாகச் சொல்வதற்கு உள்ள சொல்லும் பாண்டிதான். கடையில் யாராவது ‘பாண்டீ’ என்று கூப்பிட்டால் அவர் பெயரைச் சொல்கிறார்களா, எங்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று தெரியாது. அவர் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். என்னால் அது முடியாது.

பொரோட்டா மாஸ்டராக வந்தவர், பிறகு கிட்டங்கித் தெருவில் சொந்தமாகக் காலைக் கடை போட்டார். ஒரு பழைய கட்டடத்தின் ஓரத்தை அதன் உரிமையாளர் வாடகைக்குத் தந்திருந்தார். மூட்டை தூக்குகிறவர்களும் ஆட்டோக்காரர்களும் படகு பிடிக்கப் போகிறவர்களும் சாப்பிடுவார்கள். அப்பம், பொரோட்டா, சாயா, கிரீன் பீஸ் கறி. இந்த ஊரில் காலை ஆகாரத்துக்குக் கிரீன் பீஸ் கறி எத்தனை முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நம் ஊரில் இட்லிக்குச் சாம்பார் எப்படியோ அப்படி. காய்ந்த பட்டாணியை இரவே ஊறப் போட்டு, தேங்காய்ப் பால் விட்டு வைப்பது.

நான் தோப்பும்படிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மலையாள எழுத்தைக் கற்றுக்கொண்டு மலையாளத்திலேயே உணவு அட்டவணை எழுதித் தருகிறேன். வாங்கிக்கொள்கிற நோயாளி ‘தமிழாணல்லே?’, தமிழ்தானே, என்று சிரித்துவிட்டு, வெளியே போய் நர்சிடம் ஒரு முறை காட்டிச் சரிதானா என்று கேட்டுக்கொள்வார். எழுத்துப் பிழை இருந்ததில்லை. ஆனாலும் கேட்பார்கள்.

பெண்கள் குழுவின் தலைவி லிசி சேச்சி எங்கள் கடையில் வாடிக்கை. போன ஆண்டு விழாவுக்கு முன் என்னிடம் வந்து, பெரிய டாக்டர்கள் வந்து பேசினால் ஒன்றும் புரியவில்லை, நீ எளிதாகப் பேசு என்றார். என்ன பேசட்டும் என்றேன். எல்லோரும் தினமும் தின்பது எதுவோ அதைப் பேசு என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பந்திப் பட்டாணி, இன்றைக்கு என் வாயால் மேடை ஏறப் போகிறது.

சத்துகளையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒரு சோதனை செய்து காட்டினேன். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர். ஒன்றில் சாதாரணக் காய்ந்த பட்டாணி, அது கொஞ்சம் வெளிறிய பச்சையாக இருக்கும். இன்னொன்றில் பஜாரில் பளிச்சென்று மின்னுகிற பட்டாணி. பளிச்சென்று இருப்பதெல்லாம் சாயம் ஏற்றியது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் சாயம் இருந்தால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும் என்றேன். பேசி முடிப்பதற்குள் இரண்டாவது தம்ளர் பச்சையாகிவிட்டது. பருப்பு வகைகளுக்குச் சாயம் ஏற்றக் கூடாது என்பது விதி, ஆகவே மங்கலாக இருப்பதைத் தேடி வாங்குங்கள் என்று முடித்தேன்.

கை தட்டினார்கள். லிசி சேச்சி என்னைக் கட்டிக்கொண்டு, இனி எங்கள் வீட்டில் மங்கல் பட்டாணிதான் என்றார். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

4

மேடையில் ஒன்று சொல்லிவிட்டுக் கடையில் வேறொன்று விற்க முடியாது. எங்கள் கடைப் பட்டாணியையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். பச்சை இறங்கியது. மொத்தக் கடையில் என் கணவர் வழக்கமாக வாங்குவது அதுதான், அவருக்குத் தெரிந்து வாங்கியதில்லை. மறுநாளே வேறு மூட்டை கேட்டோம். கடைக்காரர் ஒரு மூலையில் இருந்ததை எடுத்துக் காட்டி, இது ஓடாது பாண்டீ, உனக்கு எதற்கு என்றார். சோடா உப்பையும் நிறுத்தச் சொன்னேன். கேஸ் கூடுதலாகச் செலவானது. என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

கறி வந்தது. ருசி நன்றாகவே இருந்தது, மணி முழுசாக இருந்தது, மாவாகக் குழையவில்லை. நிறம்தான் காய்ந்த வாழைச்சருகுபோல இருந்தது.

முதல் நாள் மூட்டை தூக்குகிற ஒருவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கறியையே பார்த்தார். “இது இன்னலத்தெ கறியாணோ, பாண்டீ?” என்றார். நேற்றைய கறியா என்று கேட்கிறார். இல்லை சேட்டா, காலையில் வைத்தது, சாயம் இல்லாத பட்டாணி என்று என் கணவர் விளக்கினார். அவர் தலையாட்டிவிட்டு அப்பத்தைத் தேங்காய்ச் சட்னியில் தொட்டுத் தின்றுவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க இதே கேள்வி. பிறகு கேட்கவும் இல்லை. எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கே கறி வெயிலில் வைத்த பிளாஸ்டிக் பொம்மைபோலப் பளபளத்தது.

தெருவில் ஒரு பேச்சு எழுந்தது. தமிழன் கடையில் பழைய கறியைச் சூடு பண்ணி விற்கிறான். இந்தக் கடைக்கு அத்தனை வருடத்தில் இந்தப் பெயர் வந்ததில்லை. சாயம் போட்ட கறி விற்ற காலமெல்லாம் எங்களைச் சுத்தமானவர்கள் என்றார்கள். சாயத்தை எடுத்த நாளிலிருந்து நாங்கள் அழுக்கர்கள்.

ஒரு நாள் காலை நான் வேலைக்குப் போகும் வழியில், லிசி சேச்சி எதிர்க்கடையில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டியைப் பின்னால் கொண்டுபோகவில்லை. எனக்கு அது கொஞ்சம் பிடித்தது. பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, “பிள்ளேருக்கு ஆ நிறம் இல்லாதெ இறங்கில்லா மோளே” என்றார். பிள்ளைகளுக்கு அந்த நிறம் இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காதாம். நீ சொன்னதெல்லாம் சத்தியம் என்றும் சேர்த்துக்கொண்டார். சத்தியம் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

5

யாரோ புகார் கொடுத்தார்கள். சுகாதாரப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். முகர்ந்தார்கள், ருசி பார்த்தார்கள், மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். கெட்டுப்போன எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் அதிகாரிகள் கடைக்குள் நின்றதைத் தெருவே பார்த்தது. குற்றமில்லை என்று சொன்னதை எங்கள் இருவரைத் தவிர யாரும் கேட்கவில்லை. குற்றமில்லை என்று தெருவில் தண்டோரா போடுவதற்கு எந்த ஊரிலும் அலுவலகம் இல்லை.

கடை உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரமும் அதே சமயம் வந்து சேர்ந்தது. கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். உரிமையாளரோ இன்னொரு முறை அதிகாரிகள் வந்தால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். நான் விடுப்பு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலைந்தேன். அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நல்லவர். நான் மலையாளத்தில் கேட்பேன், அவர் சினிமாவில் கற்ற தமிழில் “சொல்லுங்கோ அம்மா, என்ன வேணும்” என்பார். நான் மறுபடியும் மலையாளத்தில் சொல்வேன், அவர் மறுபடியும் தமிழில் உபசரிப்பார். எனக்கு உதவுவதாக நினைத்தார். பாடுபட்டுக் கற்ற மொழியை அவர் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அடுத்த முறை போனபோது அவசரத்தில் நான் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக உளறினேன். அன்றைக்குப் பார்த்து அவர் மலையாளத்தில் பதில் சொன்னார்.

இதற்கு நடுவில் தேன்மொழியின் பள்ளியில் கிரீன் டே வந்தது. சின்ன வகுப்புகளுக்கு வருடத்தில் ஒரு நாள், பச்சை உடுப்பு போட்டு, பச்சை நிறச் சாப்பாடு கொண்டுவந்து, எல்லோருடைய டப்பாக்களையும் வரிசையாக வைத்துப் படம் எடுப்பார்கள். பள்ளியில் அவளுக்குத் தேனு என்று பெயர். வீட்டிலும் தேனு என்றால்தான் இப்போது திரும்பிப் பார்க்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். பள்ளி வாசலில் ஒரு நாள் என் கையை இழுத்து, “அம்மே, இவிடெ தமிழ் பறயல்லே” என்றாள். இங்கே தமிழ் பேசாதே. திட்டவில்லை, கெஞ்சினாள். திட்டியிருந்தால் அடித்திருப்பேன்.

கிரீன் டேக்கு அவள் கேட்டது கிரீன் பீஸ் கறி. எதிர்க்கடையிலிருந்து வாங்கிக் கொடு என்றாள். எனக்கு வீறாப்பு. நம் கடைக் கறியையே டப்பாவில் போட்டு, மேலே கொத்தமல்லித் தழையை நிறையத் தூவி அனுப்பினேன். சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வந்தது, மூடி திறக்கப்படாமல். படம் எடுக்கும்போது உன் டப்பாவை வைக்கவில்லையா என்று கேட்டேன். பைக்குள் வைத்துவிட்டாளாம். டீச்சரிடம் என்ன சொன்னாய் என்றேன்.

“அம்மா மறந்நுபோயி எந்நு பறஞ்ஞு.”

அம்மா மறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். சருகு நிறக் கறியை வரிசையில் வைப்பதைவிட, பிள்ளைக்குச் சாப்பாடு கட்ட மறந்த அம்மாவை வைப்பது அவளுக்கு எளிதாக இருந்திருக்கிறது. அதுவரை அவள் பசியோடு இருந்தாளா என்று கேட்டேன். இல்லை, தோழிகள் பங்கு கொடுத்தார்களாம். நல்ல பச்சையாக இருந்ததாம்.

நான் அந்த டப்பாவைத் திறந்து உட்கார்ந்து தின்றேன். கறி புளிக்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு மட்டும் அது உண்மையிலேயே பழைய கறி.

6

அன்று மாலை என் கணவர் வந்ததும் நான்தான் சண்டையைத் தொடங்கினேன். அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. கடையில் நாள் முழுக்க எல்லோருக்கும் திரும்பிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் திரும்பாமல் படுத்துக்கொள்வார். அன்று எழுந்து உட்கார்ந்தார்.

“ஏய் டாக்டரம்மா, சத்து சத்துங்கிறியே, சத்து யாரு கண்ணுக்காச்சும் தெரியுதா? பச்சை தெரியுது. தெரியிறதத்தான் வாங்குவாய்ங்க.”

“அதுக்காகச் சாயத்த விக்கணுங்கிறீங்களா?”

“நான் எப்பச் சொன்னேன் அப்படி? உன் பேச்சைக் கேட்டப்புறம் என்னால அதப் போட முடியாது. பிள்ளைங்க திங்குது. ஆனா இந்தச் சருகையும் வச்சுக்கிட்டு உக்கார முடியாது. பட்டாணியே வேணாம். விட்டுருவோம்.”

“விட்டுட்டு?”

“கடல. கறுப்புக் கடல. அது கறுப்பா இருந்தா யாரும் பழசான்னு கேக்க மாட்டாய்ங்க. நல்லா வறுத்துருக்கேம்பாய்ங்க.”

அவர் சொன்னதுதான் சரி என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. கொண்டைக்கடலையிலும் புரதம் இருக்கிறது, நார் இருக்கிறது, இரும்பு இருக்கிறது. எலுமிச்சை பிழிந்து தின்றால் அந்த இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். எதுவும் குறைந்துபோகவில்லை. ஆனால் நான் மேடையில் நின்று சொன்னது பட்டாணியை. ஊரே ஒத்துக்கொண்ட ஒரு உண்மையை எங்கள் கடையில்கூட விற்க முடியவில்லை என்றால் நான் படித்தது எதற்கு என்று கேட்டேன்.

“எனக்கு விளங்குச்சுல்ல. அது போதாதா?” என்றார்.

போதாது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்காது.

கடலைக் கறி ஓடியது. மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பி வந்தார்கள். கட்டட உரிமையாளர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து போட்டார். பழைய கறிக்காரன் என்ற பேச்சும் அடங்கிவிட்டது. கடலைக்குக் கறுப்பாக இருக்க இந்த ஊரில் உரிமை இருக்கிறது. பட்டாணிக்கு அது இல்லை.

7

அப்படி இருக்கும்போதுதான் லிசி சேச்சி மறுபடியும் வந்தார். இந்த ஆண்டும் நீ பேச வேண்டும் என்றார். கடலையைப் பற்றிப் பேசட்டுமா என்றேன். வேண்டாம், பட்டாணியே இருக்கட்டும், அந்தத் தம்ளர் விஷயம் எல்லோருக்கும் பிடித்திருந்தது, இந்த முறை பிள்ளைகளும் வருகிறார்கள் என்றார். நீ ஒன்றும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், பட்டாணியை நாங்களே வாங்கி வைக்கிறோம் என்றும் சொன்னார். மகளுக்காக ஒப்புக்கொண்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என்னிடம் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். தேன்மொழி முன்வரிசையில் தோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. மேசைமேல் தண்ணீர் ஊற்றிய தம்ளர்களும் ஒரு கிண்ணத்தில் பட்டாணியும் தயாராக இருந்தன. அள்ளிப் பார்த்தேன். எல்லாம் மின்னுகிற பட்டாணி. மங்கலானது ஒரு மணிகூட இல்லை. எங்கே வாங்கியது என்று லிசி சேச்சியிடம் கேட்டேன். பின்னால் அடுக்களையில் இருந்து எடுத்தது என்றார், விழாச் சாப்பாட்டுக்கு வாங்கிய மூட்டையிலிருந்து.

எட்டிப் பார்த்தேன். பின்கட்டில் பெரிய உருளியில் கிரீன் பீஸ் கறி கொதித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கடைக்காரர்தான் சமையல். அப்பம் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் பேசி முடித்ததும் பரிமாற வேண்டியது.

மேடைக்குத் திரும்பிச் சத்துகளைச் சொன்னேன். புரதம், நார், ஃபோலேட். போன ஆண்டு சொன்னதையே. ஒரு பிடி பட்டாணியைத் தம்ளரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பச்சையானது. பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். அப்போது, திருத்தமான மலையாளத்தில், ஒரு எழுத்துகூடச் சறுக்காமல் சொன்னேன்: இந்தப் பட்டாணியும் பின்னால் உருளியில் கொதிப்பதும் ஒரே மூட்டை. நீங்கள் இப்போது சாப்பிடப் போவது இந்தத் தண்ணீரைத்தான்.

நான் காத்திருந்தேன். பிறகு லிசி சேச்சி சிரித்தார். “ஒரு திவசமல்லே கலா, ஒண்ணும் பற்றில்லா” என்றார். ஒரே ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது. எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். அந்தத் தட்டல் போன ஆண்டைவிட அதிகம். எதிர்க்கடைக்காரரும் கரண்டியைக் கையில் பிடித்தபடியே தட்டினார். தட்டுகள் வரத் தொடங்கின. என் கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்து கடைசியில் நின்றிருந்தார். அவருக்கும் ஒரு தட்டு நீட்டினார்கள். அவர் அப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நான் மேடையை விட்டு இறங்கப் போனேன். முன்வரிசைப் பிள்ளைகள் தட்டுகளோடு மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தம்ளரைக் காட்டி, இதை எப்படிச் செய்கிறாய் என்று கேட்டாள். இன்னொருத்தி தேன்மொழியைப் பார்த்து, இது யார் என்றாள். தேன்மொழியின் உதட்டோரத்தில் கறி பச்சையாக ஒட்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இது என்றெ அம்மயா. மேஜிக் காணிக்கும்” என்றாள்.

என் அம்மா. மேஜிக் காட்டுவாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். “அம்மா, இன்னொரு வாட்டி காட்டு” என்றாள். தமிழில்.

இது மேஜிக் இல்லை, சாயம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் கை தலைப்பிலேயே இருந்தது.

கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அள்ளி, புதுத் தம்ளரில் போட்டேன். நல்ல பச்சையாக வந்தது.